குடியாத்தம் பக்கம் நடமாடும் டிஜே தொழில் தொடங்க எத்தனை பாடல்கள் சேர்க்க வேண்டும்?

எண்ணிக்கையை விடுங்கள், யார் வீட்டு விசேஷம் என்று முதலில் கேளுங்கள். சித்தூர்ச் சம்பந்தம் என்றால் தெலுங்குப் பாடல் கேட்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாட்டை விரும்பும் உருதுக் குடும்பங்கள் உண்டு. பெரியவர்கள் எழுந்து போகும்வரை எழுபதுகளின் மெல்லிசையே போதும், அவசரப்படாதீர்கள்.

யூடியூபிலிருந்து இறக்கியதைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். கைப்பேசியில் இனிக்கும், மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரிலோ ஜால்ரா ஓசை சலசலத்துக் கரையும், பறையின் அடி சப்பென்று விழும். 320 கேபிபிஎஸ் தரமுள்ள எம்பி3 அல்லது ஒலித்தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்புகளாகக் காசு கொடுத்தே வாங்குங்கள். இன்னொரு பென் டிரைவில் நகல் கட்டாயம்.

கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஹோட்டல் புத்தாண்டு விழாவுக்கு அது பொருந்தாது, உரிமம் வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள்.