கேட்டதும் சொன்னதும்: கீரைப் பண்ணைக்கு ஆய்வு மானியம்

கேள்வி: நானும் மச்சானும் தொழிற்பேட்டைக் கட்டடத்தில் எல்இடி விளக்குப் போட்டு அறைக்குள் கீரை வளர்க்கிறோம். மின் கட்டணம், வாடகை போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. பண்ணைகளுக்கு ஆய்வு மானியம் உண்டாமே, எங்களுக்குக் கிடைக்குமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கேட்பது ஆய்வுப் பணமா, வாடகைப் பணமா என்று முதலில் மச்சானோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். வாடகைப் பாக்கியைத் தீர்க்க எந்த ஆய்வு மானியமும் வராது.

சிங்கப்பூர் உணவு அமைப்பும் ஏ ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பும் நடத்தும் ‘சிங்கப்பூர் உணவுக் கதை’ ஆய்வுத் திட்டத்துக்குத் தொடக்கத்தில் 144 மில்லியன் வெள்ளி, பிறகு மேலும் 165 மில்லியன் ஒதுக்கினார்கள். பெரிய தொகைதான், ஆனால் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் முன்நின்று வாங்குவது, பண்ணைக்காரர் கூட்டாளியாகச் சேரலாம். அதனால் ஆளைத் தேடுங்கள். உங்கள் உட்லண்ட்ஸிலேயே ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேளாண்மைக்கென்று ஆய்வு மையம் இருக்கிறது, ஒரு நடை போய் வாருங்கள். பண்ணைக்கே நேராக வருவது இணை நிதி. 2021-ல் 60 மில்லியன் வெள்ளியோடு வந்த வேளாண் உணவுத் தொகுப்பு உருமாற்ற நிதி அந்த வகை. இதில் ஒரு பங்கு உங்கள் கைக்காசு. பொதுவாக இந்த மாதிரி நிதியில் முதலில் செலவழித்து, ரசீது காட்டி, அப்புறம்தான் வாங்க முடியும். கையிருப்பு இல்லாமல் இதில் இறங்கி முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? உணவு மீள்திறன், அதாவது இறக்குமதி தடைபட்டாலும் நாடு சமாளிப்பது பற்றி இரண்டு பக்கம் வேண்டாம், அதை மானியம் தருபவர்களே உங்களைவிட நன்றாக எழுதுவார்கள். மீட்டரைப் பாருங்கள். ஒரு கிலோ கீரைக்கு 10 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் விளக்குக்கே 3 வெள்ளி போயிற்று, விதை, ஆள், பெட்டி, லாரிக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. தேக்காவில் மலேசியக் கீரை வேரில் மண்ணோடு, தண்ணீர் தெளித்த சாக்கின்மேல் கிடக்கிறது. வாங்க வரும் அக்கா தண்டை ஒடித்துப் பார்ப்பார், விலை கேட்பார், எந்த ஊர்க் கீரை என்று கேட்க மாட்டார். எனவே ‘விளக்கை 16 மணி நேரத்திலிருந்து 13 ஆக்கினால் எடை எவ்வளவு குறையும், கட்டணம் எவ்வளவு குறையும்’ என்ற ஒரே கேள்வியோடு போங்கள். பக்கத்தில் ஒரு தட்டு பழைய மாதிரியே ஓடட்டும், ஒவ்வொரு அறுவடையையும் தராசில் வைத்து நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் விவசாயி கையிலேயே ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறார்களாமே?
- ஈசூன் வாசகி

பதில்: ஆமாம், 1988-ல் தொடங்கிய ‘சேர்’ (SARE) என்ற நீடித்த வேளாண்மை ஆய்வு, கல்வித் திட்டம், அந்நாட்டு வேளாண் துறையின் பணம். விவசாயி தன் நிலத்திலேயே சோதித்துப் பார்க்கிறார், பல நேரம் கூட ஓர் ஆலோசகரும் இருப்பார். பணம் அங்குள்ளவர்களுக்கு மட்டும், ஆனால் அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சரிவராமல் போன சோதனைகள் உட்பட. எனக்கு அவைதான் பிடிக்கும்.

கேள்வி: 2030-க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்ற ‘30-க்குள் 30’ இலக்கையே கைவிட்டார்கள், இனி மானியம் எங்கே?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: 2025 நவம்பரில் இலக்கை மாற்றினார்கள். 2035-க்குள் நாம் உண்ணும் நார்ச்சத்தில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு உள்ளூரில் விளைய வேண்டும். முட்டை ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது, காய்கறியோ 3 விழுக்காட்டு அளவில் நிற்கிறது. கீரைக்காரர்களுக்கு இன்னும் வேலை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.