டெலிகிராம் குரூப்பில் எத்தனை வார்னிங், எப்போது தடை?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக டெலிகிராமில் ஒரு குரூப் நடத்துகிறோம். 3,800 பேர், நான்கு அட்மின்கள். சண்டை வந்தால் ஒரு அட்மின் உடனே ஆளைத் தூக்கிவிடுகிறார், இன்னொருவர் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். "அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று தினமும் இன்பாக்ஸில் பஞ்சாயத்து. வார்னிங்குக்குப் பாயின்ட் போட்டு, இத்தனை சேர்ந்தால் தடை என்று வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அட்மின்களிடம்தான் இருக்கிறது. பாயின்ட் கணக்கு என்று வந்துவிட்டால் அது முதலில் கட்டிப்போடுவது உங்கள் நால்வர் கையைத்தான், கோபம் வந்தால் தூக்குவது, தெரிந்தவர் என்றால் விடுவது, இரண்டும் இனி நடக்காது. அதற்கு எல்லோரும் சம்மதமா என்று முதலில் பேசிவிடுங்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் இது சுலபமாகப் புரியும். 2016 முதல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி, தப்பு செய்யும் வீரர்களுக்கு டீமெரிட் பாயின்ட், அதாவது தப்புப் புள்ளி போடுகிறது. சின்னத் தப்புக்கு ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் என்றால் மூன்று, நான்கு என்று ஏறும். 24 மாதத்துக்குள் நான்கு சேர்ந்தால் ஒரு டெஸ்ட், அல்லது இரண்டு ஒருநாள் ஆட்டம், அல்லது இரண்டு டி20, எது முதலில் வருகிறதோ அதில் ஆட முடியாது. 24 மாதம் தாண்டிய பாயின்ட் அழிந்துவிடும். 2017 ஆகஸ்டில் கொழும்பு டெஸ்டில் ஆட்டநாயகன் நம்ம ஜடேஜாதான், அதே ஆட்டத்தில் பந்தை பேட்ஸ்மேன் பக்கம் அபாயமாக எறிந்தார் என்று 3 பாயின்ட் வாங்கியவரும் அவர்தான். முந்தைய வருடம் இந்தூரில் பிட்ச் மேல் ஓடியதற்கு வாங்கிய 3 அப்படியே கணக்கில் கிடந்தது, மொத்தம் ஆறு. அடுத்த பல்லேகலே டெஸ்டில் அவர் இல்லை. உங்கள் குரூப்பிலும் அப்படி ஒருத்தர் இருப்பார், தினமும் அருமையாக நோட்ஸ் போடுவார், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவருக்கு முதல் பாயின்ட் எப்போது விழுகிறது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

சரி, செட்டிங்குக்கு வருவோம். குரூப்பைக் கவனித்துக்கொள்ளும் ரோஸ் என்கிற தானியங்கிக் கணக்கை (பாட்) சேர்த்து, மெசேஜ் அழிக்கவும் ஆளைத் தடுக்கவும் மட்டும் உரிமை கொடுங்கள். தப்பான மெசேஜுக்கு ரிப்ளையில் சாய்கோடு போட்டு 'வார்ன்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் கணக்கில் ஒன்று ஏறும், பக்கத்திலேயே காரணத்தையும் எழுதலாம். காரணம் எழுதாத வார்னிங் செல்லாது என்று உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லை வழக்கமாக 3 என்று இருக்கும், வார்ன்லிமிட் கட்டளையில் அதை 4 ஆக்குங்கள். வார்ன்டைமில் 12 வாரம் வையுங்கள், மூன்று மாதத்துக்கு முன் காலை வணக்கம் படம் போட்டதை இன்றைக்கு யாரும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. எல்லையைத் தொட்டால் என்ன ஆக வேண்டும் என்பதை வார்ன்மோடில் சொல்ல வேண்டும், அங்கே நேரடித் தடை போடாமல் ஒரு வார மியூட் போடுங்கள். மியூட்டில் இருப்பவரால் எழுதத்தான் முடியாது, படிக்கலாம். தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒருவரை நோட்ஸிலிருந்தே விரட்டுவது எனக்கு ரொம்ப அதிகமாகப் படுகிறது. ஒரே வருடத்தில் இரண்டாவது முறை எல்லையைத் தொட்டால் அப்போது தடை.

ரோஸுக்குப் பெரிய தப்பு, சின்னத் தப்பு தெரியாது, ஒரு வார்ன் என்றால் ஒன்றுதான். எனவே எடையை நீங்கள்தான் போட வேண்டும். ஃபார்வர்ட், அரசியல் படம், பத்து ஸ்டிக்கர் இதற்கெல்லாம் ஒன்று. ஆளைப் பேர் சொல்லித் திட்டினால் இரண்டு, அதாவது கட்டளையை இரண்டு முறை அடிக்க வேண்டும். முதல் மெசேஜிலேயே கிரிப்டோ லிங்கோடு வருபவனுக்கும், சாதி சொல்லித் திட்டுபவனுக்கும் பாயின்ட்டே கிடையாது, நேராகத் தடை.

குரூப்பில் பேரைப் பார்த்துப் பெண்களுக்குத் தனி மெசேஜ் அனுப்புபவனுக்கும் அதேதான். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் 3,800 பேர் இருக்கும் இடத்தில் இது நடக்காமல் இருக்காது, உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நான்கு அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் உங்களிடம் வரும், இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் சத்தமில்லாமல் குரூப்பை விட்டுப் போய்விடுவார்கள். 100 பேருக்கு மேல் உள்ள குரூப்பில் உறுப்பினர் பட்டியலை மறைக்க டெலிகிராமிலேயே வசதி இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடுங்கள். தடை என்பது அந்தக் கணக்குக்கு மட்டும்தான், வேறு நம்பரில் திரும்பி வருவார்கள். பொது லிங்க்கை நிறுத்திவிட்டு, அட்மின் ஒப்புதல் கொடுத்தால்தான் சேர முடியும் என்கிற லிங்க்குக்கு மாறினால் ஓரளவு குறையும்.

அப்புறம் முறையீடு. நான் அட்மினாக இருந்த ஒரு குரூப்பில், ஒரு வரலாற்றுக் கேள்விக்கு எது சரியான விடை என்று ஒரு பையனுக்கும் எங்கள் அட்மின் ஒருவருக்கும் வாக்குவாதம். பத்து நிமிடத்தில் மூன்று வார்னிங், ஆள் வெளியே. மறுநாள் பள்ளிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அந்தப் பையன் சொன்னதுதான் சரி. மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினோம், திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து இரண்டு விதி வைத்தோம்: வாக்குவாதத்தில் இருக்கும் அட்மின் அந்த ஆளுக்கு வார்னிங் கொடுக்கக் கூடாது, முறையீட்டைக் கேட்பவர் வார்னிங் கொடுத்தவராக இருக்கக் கூடாது.

ஐசிசியிலும் இதுதான் நடைமுறை. 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் மேல் தோள் இடித்தார் என்று தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சாளர் ரபாடாவுக்கு ஆட்ட நடுவர் 3 பாயின்ட் போட, ஏற்கெனவே 5 இருந்ததால் மொத்தம் எட்டாகி இரண்டு டெஸ்ட் தடை வந்தது (நான்குக்கான தடையை அவர் முன்பே அனுபவித்துவிட்டார், அடுத்த தடை எட்டில்தான்). அவர் மேல்முறையீடு செய்தார், விசாரித்தது மைக்கேல் ஹெரான் என்ற நியூசிலாந்து வழக்கறிஞர். வேண்டுமென்றே இடித்ததாகத் தெரியவில்லை என்று ஹெரான் 3-ஐ 1 ஆக்க, கணக்கு எட்டைத் தொடாததால் தடை நீங்கி அடுத்த டெஸ்டிலேயே ரபாடா ஆடினார்.

அட்மின்கள் செய்த வேலையை டெலிகிராம் 48 மணி நேரம்தான் காட்டும். அதனால் ரோஸில் லாக் சேனல் ஒன்றை இணைத்துவிடுங்கள், யார், யாருக்கு, ஏன் கொடுத்தார் என்பது அங்கே பதிவாகிக்கொண்டே இருக்கும்.

விதிகளை ஒரே மெசேஜில் எழுதி, குரூப்பின் மேலேயே தெரியும்படி 'பின்' பண்ணிவிட்டு, ஒரு வாரம் கழித்து அமலாக்குங்கள். அன்றைக்கு எல்லோர் கணக்கும் பூஜ்யம். போன மாதம் உங்களோடு சண்டை போட்டவர் கணக்கும்தான்.