நீலக் கூம்பு எதற்கு? ஆற்றுவழி ஆபத்துச் சரக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரைன் நதியில் போகும் டேங்கர்களில் சிலவற்றில் ஒரு நீலக் கூம்பு தொங்குகிறது, சிலவற்றில் இரண்டு. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கப்பலிலும் அது ஏன் இறங்குவதில்லை? (பாசல் வாசகர்)

பதில்: ஐரோப்பிய ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்வதற்கான உடன்படிக்கையை 'ஏ.டி.என்.' என்பார்கள். 2000 மே மாதம் ஜெனீவாவில் உருவாகி, 2008-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. எந்தச் சரக்குக்கு எத்தனை கூம்பு என்பதை அதிலுள்ள அட்டவணைகள் சொல்லிவிடும். பொதுவாக ஒன்று என்றால் தீப்பிடிக்கும் சரக்கு (பெட்ரோல்), இரண்டு என்றால் உடலுக்குக் கேடானது (அம்மோனியா வாயு), மூன்று என்றால் வெடிபொருள். கூம்பின் முனை கீழ்நோக்கி இருக்கும். இரவில் அதே எண்ணிக்கையில் நீல விளக்கு எரியும்.

மற்ற கப்பல்கள் இதைப் பார்த்துத்தான் எங்கே கட்டி நிற்பது என்று முடிவு செய்கின்றன. ஒரு கூம்புக் கப்பலிலிருந்து 10 மீட்டர், இரண்டுக்கு 50, மூன்றுக்கு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒதுக்கப்பட்ட துறைக்கு வெளியே டேங்கரைக் கட்டினால், குடியிருப்பிலிருந்து ஒரு கூம்புக்கு 100 மீட்டரும் இரண்டுக்கு 300 மீட்டரும் விலகியிருக்க வேண்டும்.

காலித் தொட்டிதான் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. இறக்கியதும் உள்ளே புகும் காற்று மிச்ச ஆவியோடு கலக்கிறது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். ஆவியை வெளியேற்றி, அளந்து, அந்த வெடி எல்லையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது, நச்சு வாயுவும் வரம்புக்குள் இருக்கிறது என்று உறுதியான பிறகே கூம்பை இறக்கலாம். அதனால்தான் பெட்ரோலுக்கு அடுத்ததாக டீசல் ஏற்றிய கப்பலிலும் சில சமயம் கூம்பைப் பார்க்கிறீர்கள். டீசலுக்கென்று தனியாகக் கூம்பு கிடையாது.

கேள்வி: இங்கிருந்து போகும் பெயின்ட் கன்டெய்னர் ராட்டர்டாமில் இறங்கி, பார்ஜில் (ஆற்றுச் சரக்குப் படகில்) ஜெர்மனியின் டியூஸ்பர்க் போகிறது. கடல்வழி விதிப்படி ஒட்டிய லேபிளே போதுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: போதும். பயணத்தின் ஒரு பகுதி கடல்வழி என்றால், கடல் விதிப்படியான பேக்கிங், குறியீடு, லேபிள் ஆகியவற்றை ஏ.டி.என். ஏற்றுக்கொள்கிறது. ஆவணத்தில் சரக்கு விவரத்தின் வரிசையை மாற்றாதீர்கள்: யு.என். 1263 (சரக்கின் ஐ.நா. எண்), பெயின்ட், 3 (தீப்பற்றும் திரவ வகுப்பு), பிறகு பேக்கிங் குரூப் (ஆபத்தின் அளவைக் காட்டும் பிரிவு). ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிச் சிக்கல் வராது. அவசரகால எழுத்துக் குறிப்பு உங்கள் பொறுப்பல்ல. கப்பல் தலைவருக்குப் புரியும் மொழியில் அதைக் கொடுக்க வேண்டியவர் பார்ஜ் நடத்துபவர்.

கேள்வி: டேங்கர் தொட்டியை எவ்வளவு நிரப்பலாம்? முழுக்க நிரப்பாமல் விட்டால் பாதுகாப்புதானே? (கோவை வாசகர்)

பதில்: அப்படி நினைப்பதில்தான் ஆபத்து. முதலில் மேல் எல்லை: தொட்டி 90 சதவீதம் நிறைவதற்குள் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், 97.5 சதவீதத்துக்குள் வழிதல் தடுப்பு ஏற்றுவதை நிறுத்த வேண்டும். இடையில் எங்கே நிறுத்துவது என்பது அட்டவணையில் சரக்குக்குச் சரக்கு மாறும்.

கனமான திரவம் என்றால் இன்னொரு கணக்கு உண்டு. சான்றிதழில் தொட்டிக்கு அனுமதித்த ஒப்படர்த்தியை (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண்ணை) 100-ஆல் பெருக்கி, சரக்கின் ஒப்படர்த்தியால் வகுக்க வேண்டும். தொட்டிக்கு 1.50, அடர் கந்தக அமிலத்துக்கு 1.84 என்றால், 81.5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. இப்போது மேலே காலி இடம் வந்துவிட்டது. ஆரத்தித் தட்டை ஏந்தி நடந்தவர்களுக்கு மீதி புரியும்: தட்டு கொஞ்சம் சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். அகலமான தொட்டிகள் பலவும் ஒரே சமயத்தில் அரைகுறையாக இருந்தால், வளைவில் திரும்பும்போது கப்பலால் நிமிர முடியாமல் போகலாம்.

2011 ஜனவரி 13 அன்று, ஜெர்மனியில் ரைன் கரையிலுள்ள லோரலை பாறைக்கு அருகே நடந்தது இதுதான். சுமார் 2,400 டன் கந்தக அமிலத்துடன் போன 'வால்ட்ஹோஃப்' டேங்கர் கவிழ்ந்தது. கப்பலிலிருந்த நால்வரில் இருவர் உயிரோடு திரும்பவில்லை. ரைன் போக்குவரத்து பல வாரங்கள் தடைபட்டது. ஏற்றிய நிலையில் கப்பலுக்குப் போதிய நிலைப்புத்தன்மை இல்லை என்பதே விசாரணையில் தெரிந்தது. தொட்டிகள் பாதியளவில் நிறைந்திருந்தது முக்கியக் காரணம். அமிலத்தோடு தண்ணீர் சேர்ந்தால் எஃகை அரித்து ஹைட்ரஜன் வரும் என்பதால் மீட்புப் பணியும் மெதுவாகவே நடந்தது. இத்தனைக்கும் கந்தக அமிலத்துக்கு அட்டவணையில் ஒரு கூம்புகூடக் கிடையாது! இதன்பின் டேங்கர்களில் நிலைப்புத்தன்மையைக் கணக்கிடும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. ஏற்றும் முன்பே, ஒவ்வொரு தொட்டியின் அளவையும் அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கப்பலில் இதற்கென்று படித்தவர் இருக்க வேண்டுமா? (சென்னை வாசகர்)

பதில்: ஆம், ஏ.டி.என். நிபுணர் சான்றிதழ் பெற்றவர் வேண்டும். அடிப்படைத் தேர்வில் 30 கேள்விகள், 60 நிமிடம், குறைந்தது 25 சரியாக இருக்க வேண்டும். வாயு, வேதிப்பொருள் கப்பல்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. சான்றிதழ் 5 ஆண்டுகள் செல்லும். காலாவதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் மறுபயிற்சியை முடித்துவிட வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்பதால், இங்கே உள்நாட்டு நீர்வழிக் கப்பல்களில் வேலை செய்ய இந்தச் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள்.