பள்ளியில் இன்ஹேலர் கொடுத்தும் இரைப்பு அடங்கவில்லையா?

ஆஸ்துமா உள்ள 7 வயது மகனுக்குப் பள்ளி நர்ஸ் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்தும் இரைப்பு அடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருந்தைக் குறை சொல்லுமுன் கொடுக்கும் முறையைக் கவனியுங்கள்.

பல நேரம் கோளாறு ஸ்பேசரில் இருக்கும். கழுவியபின் துணியால் துடைத்தால் உள்சுவரில் நிலைமின்னூட்டம் ஏறி, மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். இரண்டு முறை சேர்த்து அழுத்துவதும் வீண். குலுக்கி, ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு தடவை நிதானமாக மூச்சு விடவைத்து, அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்தது. பள்ளி இன்ஹேலர் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அப்படியானால் முதலில் சில முறை காற்றில் அடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். தயவுசெய்து இன்ஹேலரைப் பூட்டிய அலமாரியில் வைக்க விடாதீர்கள்.

மருத்துவர் கையெழுத்திட்ட செயல்திட்டம் நர்ஸிடம் இருக்கட்டும்: எத்தனை முறை, என்ன இடைவெளி, எப்போது ஆம்புலன்ஸ். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ்தான். கொடுத்த ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து அன்றே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுகிறதென்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.