சளி, தடுப்பூசிக் காய்ச்சல், கைவைத்தியம்: புது அம்மா அப்பாக்களின் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைகள் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தேன். வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு 4 மாதம். சளி. இரவெல்லாம் கர்கர் என்று சத்தம், பாலும் சரியாகக் குடிக்கவில்லை. இருமல் சிரப் கொடுக்கலாமா அக்கா?

வேண்டாம்மா. 2 வயதுக்குக் கீழே இருமல் சிரப் கொடுப்பதே இல்லை. அந்தச் சத்தம் பெரும்பாலும் மூக்கில்தான், நெஞ்சில் இல்லை. மூக்கு அடைத்த குழந்தையால் மூச்சும் விட்டுக்கொண்டு பாலும் உறிஞ்ச முடியாது. அதனால்தான் நாலு வாய் குடித்துவிட்டு அழுகிறாள். சலைன் மூக்குச் சொட்டு வாங்குங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் சில்லிப்பு போய்விடும். பால் கொடுப்பதற்குச் சற்று முன், ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுங்கள்.

அப்புறம், மூச்சை எண்ணிப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் போனில் டைமர் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இந்த வயதில் 50ஐத் தொட்டாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பாலே குடிக்கவில்லை என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

10 வாரத் தடுப்பூசி போட்ட ராத்திரி 101 டிகிரி. பாராசிட்டமால் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. அண்ணன் மகனுடைய சிரப்பை அதே அளவில் கொடுக்கலாமா?

கூடாது. சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125, அல்லது 250. பெயர் ஒன்றுதான், அளவு வேறு. மாற்றிக் கொடுத்துப் பதறி ஓடிவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் எடையைச் சொல்லி டாக்டரிடமே அளவு கேளுங்கள். ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஊசி போடாமலே 3 மாதத்துக்குள் 100.4 வந்தால், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

மாமியார் கற்பூரம் போட்ட எண்ணெயை நெஞ்சில் தடவுகிறார், தேனில் உரைமருந்து குழைத்துக் கொடுக்கிறார். சொன்னால் சண்டை.

இரண்டையும் நிறுத்தியே ஆக வேண்டும். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். தேன் 1 வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் வயிற்றில் விஷத்தை உண்டாக்கும். ஆனால் நீங்கள் சொல்லாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போய், "அத்தைக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது டாக்டர்" என்று அவரையே கேட்க விடுங்கள். பேரப்பிள்ளை மேல் உள்ள ஆசைதான் அந்த எண்ணெய். மூக்கடைத்த குழந்தையை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொள்ள அவரை விட நல்ல ஆள் கிடைக்காது. அந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

குழந்தைக்கு உடம்பு சரியாகிவிட்டது. மனைவிதான் சும்மா சும்மா அழுகிறாள். நான் என்ன செய்ய?

கேட்டதே நல்லது தம்பி. இன்றைக்கே ராத்திரி 10 முதல் 2 வரை குழந்தை உங்கள் பொறுப்பு. பசித்தால் தூக்கிக்கொண்டு போய்க் கொடுங்கள், குடித்ததும் நீங்களே வாங்கி ஏப்பம் விட வையுங்கள், துணி மாற்றுங்கள். "ஏன் அழுகிறாய்" என்று கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். பிரசவமாகி 2 வாரம் கடந்தும் அழுகை நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாமல் அன்றைக்கே போங்கள்.