தடுப்புச் சுவரில் ஓவியமா? முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: குன்னூரில் மேட்டுத் தெரு ஒன்றில் குடியிருக்கிறோம். தெருமுனையில் 60 அடி நீளத் தடுப்புச் சுவர் ஒன்று போஸ்டரும் பாசியுமாகக் கிடக்கிறது. ஓவியக் கல்லூரியில் படித்த தம்பி ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவர் தலைமையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தீபாவளிக்குள் வரைந்துவிட ஆசை. தோடர் பழங்குடியினரின் பூவேலை போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அனுமதி யாரிடம் வாங்குவது? எந்த பெயிண்ட் மழைக்கு நிற்கும்?

பதில்: தீபாவளியை முதலில் மறந்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது நீங்கள் ஏணி போட நினைக்கும் அதே அக்டோபர், நவம்பரில். ஜனவரி கடைசியில் ஆரம்பித்து மார்ச்சுக்குள் முடிப்பதுதான் சரி. அப்போதும் காலை பத்து மணிக்கு முன் பிரஷ்ஷைத் தொடவேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து பூசும் பெயிண்ட், சரியாகப் படலம் கட்டாது, பனி ஈரம் வேறு சுவரில் இருக்கும்.

சென்னை கண்ணகி நகரிலும் கோவை உக்கடத்திலும் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் இதையே கேட்கிறார்கள். அங்கே சுவருக்குப் பின்னால் இருப்பது வீடு, மழை முன்பக்கம் மட்டும்தான் அடிக்கும். உங்கள் சுவருக்குப் பின்னால் இருப்பது மலை. மண்ணில் ஊறும் தண்ணீர் கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே கசிந்து வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும், வெளியே வந்து காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, மேலே பூசியிருப்பதைத் தள்ளிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டாக இருந்தாலும் இதற்குத் தப்பாது. எனாமல் என்கிற எண்ணெய் பெயிண்டைப் பூசினால் இன்னும் மோசம், ஈரம் வெளியேற வழியே இல்லாமல் கொப்புளம் கொப்புளமாக உரியும்.

அதனால் மழை விட்டதும் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய ரெயின்கோட்டிலிருந்து ஒன்றரை அடிச் சதுரத் துண்டு வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்ளே நீர்த்துளி இருந்தால் அந்த இடம் இன்னும் தயாராகவில்லை. சுவரில் நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள், ஏனென்றால் ஒரு முனை காய்ந்திருக்கும்போதே மறுமுனை ஊறிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். படம் அழகாக வரவேண்டும் என்று அவற்றைப் பூசி மூடவே கூடாது. மூடினால் தண்ணீரின் அழுத்தம் சுவரைத் தள்ளும், அப்புறம் போவது ஓவியம் மட்டுமல்ல.

பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். புதிதாகப் பூச்சுவேலை செய்தால் 28 நாள் ஆறவேண்டும். பிறகு பிரைமர், அதன்மேல் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன். ஒரு லிட்டர், சமமான சுவரில் இரண்டு பூச்சுக்கு 50 சதுர அடி போல வரும், கருங்கல் முகப்பு என்றால் நிறையவே குறையும். கீழே இரண்டு மூன்று அடிக்கு, சாலைச் சேறு தெறிக்கும் உயரம் வரை, பெயிண்டே வேண்டாம் என்பேன். உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பதியுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த வேலைதான் பிடிக்கும், ஆனால் கையுறை கட்டாயம்.

அனுமதியைப் பொறுத்தவரை, சுவர் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. குன்னூரில் ஒரே சாலையில் நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு), மலை ரயில் என்று அடுத்தடுத்துச் சொந்தக்காரர்கள் வருவார்கள். எழுத்தில் வாங்குங்கள், வார்டு கவுன்சிலர் தலையாட்டினார் என்பது அனுமதி ஆகாது. பெயிண்ட் கொடுத்த கடைக்காரர் தன் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது விளம்பரமாகிவிடும். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

தோடர் பூவேலை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் தோடர் பெண்கள் தைப்பது. அதைப் பார்த்து பிரஷ்ஷால் இழுத்துவிட்டு 'நம்ம நீலகிரி கலை' என்று போர்டு வைப்பது எனக்கு ஒப்பாது. வேண்டுமானால் தோடர் பெண்களைக் கேட்டு, வரவழைத்து, கூலி கொடுத்து அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பை ஊர்க் குறும்பர் பழங்குடியினரின் ஓவியங்களுக்கும் இதே பேச்சுதான். வேங்கைப் பிசினும் இலைச்சாறும் கொண்டு தீட்டும் மரபு அது, வரைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இல்லையென்றால் உங்கள் தெருவையே வரையுங்களேன், தேயிலைக்குப் போகிற அக்காக்கள், பேக்கரி வர்க்கி, காட்டெருமை நுழைந்த காலை, எதற்குப் பஞ்சம்?

எதை வரைவது என்பதில் தெருவே கூடிப் பேசட்டும். எப்படி வரைவது என்பதில் மட்டும் அந்தத் தம்பி சொல்வதுதான் முடிவு. கூட்டத்தில் ஆளுக்கொரு நிறம் சொன்னால் அறுபது அடியும் கந்தல்தான். முதல் கோட்டுப்படத்தை அவர் போடட்டும், பெரிய பரப்புகளைப் பிள்ளைகள் நிரப்பட்டும், முகமும் ஓரமும் திரும்ப அவர் கைக்கே போகட்டும். மூடுபனியில் வெளிர்நிறங்கள் காணாமல் போகும் என்பதால் அழுத்தமான நிறங்களாகக் கேளுங்கள். சாலை வளைவில் ஓட்டுநர் கண்ணை இழுக்கிற மாதிரி எதுவும் வேண்டாம்.

நம்ம பையன்தானே என்று சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். சதுர அடிக் கணக்கில் முன்பே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். பிரஷ் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றவேண்டாம். நிறங்களின் ஷேட் எண்களை ஒரு நோட்டில் குறித்து, ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டர் மீதி வையுங்கள், அடுத்த வருட மழைக்குப் பிறகு எங்காவது ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.