மிஷன் பங்களாவை முதியோர் இல்லமாக்குவது: ஓட்டில் கை வைக்கும் முன்

கேள்வி: "கோபி பக்கம் நூறு வருஷத்துக்கு மேல் பழைய மிஷன் பங்களா ஒன்றை எங்கள் அறக்கட்டளையின் உபயோகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆதரவற்ற முதியவர்கள் இருபது பேர் தங்கும் இல்லமாக்கி ஊழியம் செய்ய விரும்புகிறோம். நடுக் கூடத்தில் காலை ஜெபம் நடக்கும். சீமை ஓடு ஒழுகுகிறது. சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்துக் காரை உதிர்கிறது. ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டுவிட்டு, சுவர் முழுக்க சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் இன்ஜினியர். செய்யலாமா ஐயா?"

இரண்டுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

லண்டன் மிஷன் சங்கத்தார் கோயம்புத்தூரில் வேலை தொடங்கியது 1830-இல். அதற்குப் பிறகு கொங்கு நாட்டில் மிஷனரிகள் கட்டிய பங்களாக்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே 1930-களில்தான். உங்கள் கட்டடம் எதில் கட்டியது என்று பார்க்க, மறைவான ஓர் இடத்தில் செங்கல் இணைப்பை ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாக, மாவாக உதிர்ந்தால் அநேகமாகச் சுண்ணாம்பு. சிமென்டாக இருந்தால் ஆணிதான் வழுக்கும்.

சுண்ணாம்புச் சுவர் தண்ணீரை உறிஞ்சும், வெயில் பட்டால் வெளியே விட்டுவிடும். அதன் இயல்பே அதுதான். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரம், அதாவது ஓதம், வெளியேற வழியில்லாமல், பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு செங்கலுக்குள் படிகமாகி, செங்கலையே உடைக்கும். ஒரு பழைய மாணவர் விடுதியில் இதைக் கண்ணால் பார்த்தேன். சிமென்ட் பூசி வண்ணமும் அடித்து, பளபளவென்று திறப்பு விழா நடத்தினார்கள். மூன்றாம் வருஷம் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த செங்கலை விரலால் தடவினேன். ரவை மாதிரி கையில் கொட்டியது. மூன்றடியில் இருந்த ஓதம் ஆறடிக்கு ஏறியிருந்தது.

அதனால் முதலில் சுவரை விட்டுவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் பூமி உங்களுடையது. வயல் பக்கத்தில் இருந்தால் மண்ணில் ஈரம் எப்போதும் இருக்கும். ஆனால் நான் பார்த்த பாதிக் கட்டடங்களில் காரணம் அதைவிட எளியது. ரோடு உயர உயர, வளாகத்திலும் மண்ணைக் கொட்டிக்கொண்டே வந்திருப்பார்கள். முன்பு இரண்டரை அடி தெரிந்த அடித்தளம் இன்று ஓர் அடிதான் தெரியும். கல் கட்டு முழுக்கக் கண்ணில் படும்வரை சுற்றிலும் மண்ணை வெட்டி எடுங்கள். ஆனால் அஸ்திவாரம் வரை போய்விடக் கூடாது. வெட்டிய தரைக்கு வெளிப்பக்கம் சாய்வு கொடுத்து வாய்க்கால் எடுங்கள். யாராவது பிற்காலத்தில் சுவரோரம் சிமென்ட் தளம் போட்டிருந்தால் அதையும் உடையுங்கள். இந்த வேலைக்கு ஆகும் செலவு ஆள்கூலி மட்டும்தான். ஆனால் சுவர் காய்வதற்குப் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் கூரை. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை. மரச் சட்டத்தோடு சேர்த்தாலும் சீமை ஓடு அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஓட்டைத் தாங்க எழுப்பிய உயரமான சுவரின் தலையில் கான்கிரீட்டை ஏற்றாதீர்கள். இன்னொன்று, சித்திரை வெயிலில் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கீழே இறக்கும். எண்பது வயதுப் பாட்டி அதற்கு அடியில் படுக்க வேண்டும்.

ஓட்டைப் பகுதி பகுதியாக இறக்கிக் கழுவுங்கள். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்ல ஓடு, சத்தம் செத்துக் கேட்டால் கீறல். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிஸ் மிஷனரி சங்கம் 1865-இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியதே சபை மக்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்றுதான். அப்படிப்பட்ட ஓடு உங்கள் கூரையில் இருந்தால் ஒன்றைக்கூட வீணாக்காதீர்கள். ஒரு கம்பெனி ஓட்டின் காடி, அதாவது விளிம்பில் உள்ள பள்ளம், இன்னொன்றில் சரியாக உட்காராது. கலந்து போட்டால் அங்கேதான் ஒழுகும். பழைய நல்ல ஓட்டையெல்லாம் முன்பக்கச் சரிவுக்கும், புது ஓட்டைப் பின்பக்கச் சரிவுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

ஓடு இறங்கியதும் ஆசாரியை அழைத்து, உத்தரமும் கைமரமும் சுவருக்குள் நுழையும் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் இற்றுப்போவது முதலில் அங்கேதான். முனை மட்டும் கெட்டிருந்தால் அந்த அளவுக்கு வெட்டி, புது மரம் ஒட்டுப் போடலாம். முழு உத்தரத்தையும் மாற்றத் தேவையில்லை. கரையானுக்கு மருந்து அடிக்கவும் இதுதான் சமயம். ஆடிக் காற்று தொடங்கும் முன் ஓடு திரும்ப ஏறிவிட வேண்டும்.

சுவர்ப் பூச்சை மண் வெட்டி ஒரு பருவம் காயவிட்ட பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். தட்டினால் டொப்பென்று கேட்கும் காரையை மட்டும் உதிர்த்துவிட்டு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேயே போகும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி தொட்டியில் குறைந்தது மூன்று வாரம் ஊறவிடுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். வெளிச் சுவருக்குக் கொஞ்சம் செங்கல் பொடியும் சேர்க்கலாம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீரில் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். அளவு தெரிந்த பெரியவர் கிடைத்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் வெறும் சுண்ணாம்பே போதும். மெல்லிய பூச்சாக மூன்று தடவை. ஒவ்வொன்றையும் ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். மார்கழி முதல் மாசி வரை இதற்கு நல்ல காலம். பங்குனி வெயிலில் பூசினால் வெடிக்கும்.

மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் சிமென்ட் செய்யும் வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்பு உடுப்பில் ஒட்டுமே என்பீர்கள். சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு மரக் கைப்பிடி ஓட விடுங்கள். முதியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், சுவரில் சாயமாட்டார்கள். கைப்பிடியைச் சுண்ணாம்பு இணைப்பில் போல்ட் அடித்து மாட்டாமல், தரையில் ஊன்றிய கட்டையில் நிறுத்துங்கள்.

கழிவறையைப் பழைய அறைகளுக்குள் கொண்டுவராதீர்கள். பின் தாழ்வாரத்தை ஒட்டி, தனி அஸ்திவாரத்தில், பழைய சுவரைத் தொடாமல் கட்டுங்கள். இடைவெளிக்கு மேல் கூரை போட்டால் இரவிலும் நனையாமல் போய்வரலாம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். மண் வெட்டிய பிறகு அடித்தளம் இரண்டரை அடி தெரியும் என்றால் முப்பதடி. அதை முன் படியின் மேல் கட்டாமல், பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுவாருங்கள். மின் வயரைச் சுவரை வெட்டிப் பதிக்காமல் வெளிப்படையாகவே ஓட்டுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "உபயோகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வாய்ச் சொல்லா, பத்திரமா? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவான நீண்ட குத்தகை கைக்கு வராமல் ஓட்டை இறக்காதீர்கள். இன்று அன்பாகக் கொடுத்தவர் பொறுப்பில் நாளை வேறொருவர் இருப்பார். முதியோர் இல்லத்தைப் பதிவு செய்வது பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்திலும், தீயணைப்புத் துறையின் சான்று பற்றியும் வரைபடம் போடும்போதே விசாரித்துவிடுங்கள். வெளிநாட்டு நண்பர்கள் உதவ முன்வந்தால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் பணம் முதலில் வந்து சேர வேண்டும்.

இருபது பேரையும் ஒரே நாளில் குடியேற்ற வேண்டியதில்லை. நடுக் கூடமும் இரண்டு அறைகளும் தயாரானதும் ஆறு பேரோடு தொடங்குங்கள். இரவில் எந்தக் கதவு கனமாக இருக்கிறது, எந்தப் படி தடுக்குகிறது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு மீதி அறைகளைச் செய்யுங்கள்.

இப்போதைக்கு, ஓதம் நிற்கும் உயரத்தில் ஒவ்வொரு சுவரிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். மண்ணை வெட்டுங்கள். ஐப்பசி மழை முடிந்து தை பிறந்ததும், கோட்டிலிருந்து ஓதம் எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். பூச்சு வேலையை எந்தச் சுவரில் தொடங்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.